ஒரு பழைய வழக்கும் பொலிஸ் சீருடையும்: தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் தொழில் செய்யும் சட்டத்தரணி. என் வேலையில் பெரும்பகுதி நீதவான் நீதிமன்றங்களில்தான். யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை என்று மாறி மாறிப் போவேன். பொலிஸில் ஆட்களைச் சேர்க்கும் விதிமுறைகளைப் பொலிஸ் மா அதிபருடன் கலந்து வகுக்கும் பொறுப்பை அரசியலமைப்பு உங்களிடம் தந்திருக்கிறது. அதனால்தான் இதை அமைச்சருக்கோ ஜனாதிபதிக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்க வருவது ஒன்றுதான். இளவயதில் ஒரு சின்ன வழக்கில் அகப்பட்டுத் தண்டப்பணம் கட்டியவன், அதற்குப் பிறகு வருடக்கணக்காக ஒழுங்காக வாழ்ந்தாலும் சீருடைச் சேவைக்குள் கால் வைக்க முடியாது என்ற நிலையை மாற்றுங்கள். எந்தக் குற்றம் தடை, எது தடையில்லை, தடை என்றால் எத்தனை வருடத்துக்கு என்பதை ஆட்சேர்ப்பு வர்த்தமானியிலேயே எழுதி வையுங்கள்.

எங்கள் நீதிமன்றங்களில் இந்தத் தண்டப்பணம் எப்படி விழுகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு மேசையில் இருந்து கோப்பைப் பார்க்கிறவருக்கு "குற்றத்தை ஏற்றுக்கொண்டார், தண்டம் விதிக்கப்பட்டது" என்ற ஒரு வரிதான் தெரியும். அந்த வரிக்குப் பின்னால் நடப்பதை நாங்கள் தினமும் காண்கிறோம்.

கோயில் திருவிழாவில் இரண்டு ஊர்ப் பெடியள் அடிபடுகிறார்கள். அல்லது வடக்கின் பெருஞ்சமர் என்ற பாடசாலைக் கிரிக்கெட் ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் மைதானத்துக்கு வெளியே கைகலப்பு. அல்லது வேலிச் சண்டை: கதியால் போட்ட இடம் சரியா பிழையா என்று இரண்டு குடும்பம் வாய்த்தர்க்கப்பட்டு, பேச்சு முற்றி, ஒருவருக்கு மண்டையில் இரண்டு தையல். முறைப்பாடு போகிறது. கையில் அகப்பட்ட ஐந்தாறு பேரைப் பொலிஸார் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அடித்தவனும் அதில் இருப்பான், விலக்குப் பிடித்தவனும் இருப்பான், தன் மோட்டார் சைக்கிளை எடுக்க வந்தவனும் இருப்பான். வாக்குமூலம் பல வேளைகளில் சிங்களத்தில் எழுதப்படும். தனக்கு வாசிக்கத் தெரியாத தாளில் அவன் கையெழுத்து வைப்பான். தண்டனைச் சட்டக்கோவையின் 140, 314 என்று பிரிவுகள் விழும்: சட்டவிரோதமாகக் கூடியது, காயம் விளைவித்தது. பிணை கிடைக்கும். பிறகு தவணைகள் தொடங்கும்.

ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் கூலி. மேசன் வேலைக்குப் போகிறவன் அன்றைக்கு வேலைக்குப் போக ஏலாது. கடலுக்குப் போகிறவன் முதல் நாள் இரவே தொழிலை விட வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மன்றுக்கு வெளியே வந்து நிற்பான். பெயர் கூப்பிடும்போது பன்னிரண்டு ஆகியிருக்கும். சாட்சி வரவில்லை, வைத்திய அறிக்கை வரவில்லை, அடுத்த தவணை மூன்று மாதம் தள்ளி. இப்படி ஒன்றிரண்டு வருடம் இழுபட்ட பிறகு நடைகூடத்தில் யாராவது கிட்ட வந்து மெதுவாகச் சொல்வார்: "தம்பி, ஏத்துக்கொள்ளு. தண்டத்தோட முடிஞ்சிடும். ஏன் சும்மா அலையிறாய்?" சில வேளை அதைச் சொல்கிறவர் வழக்கைக் கொண்டு நடத்தும் பொலிஸ் உத்தியோகத்தர். சில வேளை பெடியனின் சொந்த மாமன். இரண்டு பேருமே கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவன் எதிரிக்கூண்டில், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர் நிற்கும் கூண்டில், ஏறுவான். "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்டதும் "குற்றவாளி" என்று சொல்லிவிட்டு, தண்டத்தைக் கட்டி, பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

வழக்கு முடிந்துவிட்டது என்றுதான் அவன் நினைக்கிறான். அது ஒரு குற்றத்தீர்ப்பு என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. பொலிஸ், முப்படை, அரச வேலை என்று எந்த விண்ணப்பத்திலும் இனி அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் சொல்வதில்லை. சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்களுக்குத்தான் இது கூடுதலாக நடக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு நாங்கள் போய் நின்று, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 266ஆம் பிரிவின் கீழ் இரு பகுதியும் இணங்கி முடிக்க வழி பார்ப்போம். அல்லது 306ஆம் பிரிவைக் காட்டி, வயதையும் இதுவரை இருந்த நடத்தையையும் கருதி, குற்றத்தீர்ப்புக்குப் போகாமல் நிபந்தனையோடு விடுவிக்கும்படி நீதவானிடம் கேட்போம். இரண்டு பெடியளும் ஒரே திருவிழாவில் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். ஒருவனுக்குப் பதிவு இல்லை, மற்றவனுக்கு உண்டு. அந்தப் பதிவு அவனுடைய குணத்தை அளக்கிறதா, அன்றைக்கு அவன் தகப்பனின் பையில் இருந்த காசை அளக்கிறதா என்று தயவுசெய்து யோசியுங்கள்.

வலிகாமம் பக்கத்துப் பெடியன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். தகப்பன் இல்லை. பத்தொன்பது வயதில், நான் மேலே சொன்ன மாதிரியே ஒரு திருவிழா அடிபாட்டில் அகப்பட்டு, தனியாக மன்றுக்குப் போய், குற்றத்தை ஏற்றுத் தண்டம் கட்டியவன். அதற்குப் பிறகு உயர்தரம் எடுத்தான். ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கெழுதினான். பின்னேரங்களில் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கணிதம் சொல்லிக்கொடுத்தான். கடைக்குச் சாமான் கொண்டு வரும் லொறிக்காரர்களோடு பேசிப் பேசிச் சிங்களமும் பழகிக்கொண்டான். பொலிஸுக்கு ஆட்களைச் சேர்க்கிறார்கள் என்றதும் விண்ணப்பம் போட்டான். எழுத்துப் பரீட்சை சித்தி. உடற்தகுதியும் சரி.

விண்ணப்பத்தில், எந்தவொரு குற்றத்துக்காகவேனும் நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டிருக்கிறீரா என்று ஒரு கேள்வி இருக்கும். அவன் "ஆம்" என்று எழுதி, மன்றின் பெயரையும் வழக்கு இலக்கத்தையும் போட்டு, வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதியையும் இணைத்தான். நேர்முகத்துக்குப் போனபோது மேசையில் கோப்பு அந்தப் பக்கத்திலேயே திறந்து கிடந்ததாம். படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. ஏன் பொலிஸில் சேர விரும்புகிறாய் என்றும் கேட்கவில்லை. "ஏன் அடிச்சனீர்?" என்று மட்டும் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னான். சரி, போகலாம் என்றார்கள். பிறகு வந்த பட்டியலில் அவன் பெயர் இல்லை. காரணம் சொல்லி ஒரு கடிதமும் இல்லை.

அவனுடைய தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். அழவில்லை. என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அவன் ஏன் ஐயா உண்மையை எழுதினவன்?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லக்கூடாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு படிவம் உண்மை சொன்னவனை வெளியே தள்ளினால், அடுத்த முறை "இல்லை" என்று எழுதத் துணிந்தவன்தான் உள்ளே வருவான். குற்றத்தை விசாரிக்க, சாட்சியம் பதிய, கூண்டில் ஏறிச் சத்தியம் செய்யப் போகிற ஒரு சேவைக்கு எந்த ஆள் வேண்டும்? தனக்குப் பாதகமான விடயத்தை எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரு இளைஞனை விட நல்ல நற்சான்றிதழைக் கிராம அலுவலரான விதானையாராலும் தர முடியாது.

காரணத்தை அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்தான். சட்டம் படித்தவனுக்கு அது தெரியும். ஹார்ட்வெயார் கடையில் நிற்கிற பெடியன் நிராகரிப்புக் காரணத்தைத் தெரிந்துகொள்ள இன்னொரு சட்டத்தைத் தேடிப் போக வேண்டுமா? நிராகரிக்கிறவர்கள் இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதுமே.

குழப்பம் குற்றத்தீர்ப்போடு நிற்பதில்லை. வழக்கு ஒன்று இருந்தது என்பதற்கும், குற்றவாளி என்று தீர்ப்பாகியது என்பதற்கும் எங்கள் ஊரில் விசாரிக்க வருகிறவர்கள் வித்தியாசம் பார்ப்பது குறைவு. பெயர் பொலிஸ் நிலையத்தின் தகவல் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தால் போதும், பொலிஸ் ரிப்போர்ட்டில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்துவிடும். விடுதலை ஆனவனும், 306இன் கீழ் விடுவிக்கப்பட்டவனும், மத்தியஸ்த சபையில் கைகொடுத்து முடித்துக்கொண்டவனும் ஒரே கூட்டத்தில் சேர்க்கப்படுகிறார்கள். 306ஆம் பிரிவை எழுதியவர்கள், குற்றத்தீர்ப்புக்குப் போகாமல் விடலாம் என்று எழுதியதே ஒரு இளைஞனின் மிச்ச வாழ்க்கை கெடக்கூடாது என்பதற்காகத்தான். நீதவான் கொடுத்த அந்த வாய்ப்பை ஆட்சேர்ப்புப் பிரிவு திருப்பிப் பறிக்கலாகாது.

வடக்கில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1979இல் தற்காலிகச் சட்டம் என்று கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டு, மாதக்கணக்காக, சிலர் வருடக்கணக்காக உள்ளே இருந்து, கடைசியில் குற்றச்சாட்டு எதுவும் நிரூபிக்கப்படாமல் வெளியே வந்தவர்கள் எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ பேர். அவர்களுடைய பதிவேட்டில் கைது இருக்கிறது, தடுப்புக்காவல் இருக்கிறது, குற்றம் மட்டும் இல்லை. அவர்களின் தம்பிமார் அரச வேலைக்கு விண்ணப்பித்தால் வீட்டுக்கு வந்து கேட்கிற முதல் கேள்வி அண்ணனைப் பற்றியது. பதினைந்து வயதுப் பிள்ளையாக இருந்தபோது அண்ணனைக் கூட்டிப்போனதைப் பார்த்து நின்ற ஒருவன், பத்து வருடம் கழித்து அதற்கும் சேர்த்து விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒருவனை அவனுடைய நடத்தையை வைத்து எடைபோடுங்கள். குடும்பத்தை வைத்து வேண்டாம்.

இது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. இந்த அரசே மற்றவர்களுக்கு இதைச் செய்து காட்டியிருக்கிறது. போர் முடிந்த பிறகு ஏறக்குறைய 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களில் இருந்து சமூகத்துக்குத் திரும்பினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரைச் சிவில் பாதுகாப்புத் திணைக்களமே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தன் சம்பளப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஆயுதம் தூக்கியவர்களையே ஆளாளாகப் பார்த்து வேலை கொடுக்க முடிந்தது என்றால், திருவிழாவில் தடி தூக்கியவனைப் பார்க்க முடியாதா?

படையை விட்டு ஓடியவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இராணுவச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். ஆனாலும் 2024இல் உட்படப் பல தடவை பொதுமன்னிப்புக் காலம் அறிவித்து, வந்து பதிந்து சட்டப்படி விலகிக்கொள்ள வழி செய்தார்கள். அதை நான் பிழை சொல்லவில்லை. வறுமையில் படைக்குப் போய், பயத்திலும் களைப்பிலும் ஓடிய கிராமத்துப் பிள்ளைகள்தான் அவர்களில் பெரும்பாலானோர். மன்னிப்பு அவர்களுக்கு நியாயமானது. அதே மனம் வடக்கில் உள்ள பிள்ளையின் விடயத்திலும் வர வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம், ஒரு மனிதரைச் சித்திரவதை செய்த அடிப்படை உரிமை மீறல் வழக்கில், அப்போது பதில் பொலிஸ் மா அதிபராக இருந்த தேசபந்து தென்னகோனும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அவர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உங்கள் ஆணைக்குழுவின் பெயரைச் சொல்லியே பணித்தது. 2024 பெப்ரவரியில் அவர் பொலிஸ் மா அதிபராகவே நியமிக்கப்பட்டார். 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் வாக்கெடுத்து நீக்கும்வரை அந்தப் பதவி அவர் பெயரில்தான் இருந்தது. அடிப்படை உரிமை வழக்கு ஒரு குற்றவியல் தண்டனை ஆகாது, அந்த வேறுபாடு எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பெடியனுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது? நாட்டின் அதியுயர் நீதிமன்றம் சித்திரவதைக்குப் பொறுப்பு என்று சொன்னவர் பொலிஸின் தலைமைக் கதிரையில் இருந்த அதே நாட்டில், திருவிழா அடிபாட்டுக்குத் தண்டம் கட்டியவனுக்குக் கான்ஸ்டபிள் வேலை இல்லை.

வேறு நாடுகள் இந்தச் சிக்கலை எப்போதோ சந்தித்துவிட்டன. பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டே, தண்டனை பெற்றவர்களின் மறுவாழ்வுக்கென்று ஒரு சட்டம் வந்தது. குறித்த காலம் வேறு குற்றமில்லாமல் கழிந்தால் அந்தத் தீர்ப்பு காலாவதியானதாகக் கணிக்கப்படும். வளர்ந்தவர் ஒருவர் தண்டப்பணம் மட்டும் கட்டிய வழக்கென்றால் அந்தக் காலம் இப்போது ஒரு வருடம்தான். அங்கே இராணுவத்தில் சேரப் போகிறவனுக்குப் பழைய சின்னத் தீர்ப்பு ஒன்று காலாவதியாகியிருந்தால் அது பொதுவாக வழிமறிக்காது. பொலிஸுக்கு மட்டும் கட்டுப்பாடு கூட: எல்லாவற்றையும் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் சொன்னதோடு கதை முடிவதில்லை. என்ன குற்றம், எத்தனை வயதில், எவ்வளவு காலத்துக்கு முன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். எங்களுக்கும் அதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பிரான்ஸின் வெளிநாட்டுப் படையணியைப் பற்றி எங்கள் ஊரில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 1831இல் தொடங்கியது, ஐந்து வருட ஒப்பந்தம். எந்தக் குற்றவாளியும் போய் ஒளிக்கலாம் என்பது பழைய கதை. இப்போது விரலடையாளம் முதல் எல்லாம் பார்க்கிறார்கள். கொலை, போதைப்பொருள் வியாபாரம் போன்றவற்றில் சம்பந்தப்பட்டவனை எடுப்பதில்லை. சின்னச் சின்ன வழக்குகளுக்காகத் துரத்துவதும் இல்லை.

பக்கத்து நாட்டின் சட்டம் நமக்கு இன்னும் கிட்ட. டெல்லிப் பொலிஸில் தலைமைக் கான்ஸ்டபிள் வேலைக்கு விண்ணப்பித்த ஒருவர்மேல் பழைய அடிபாட்டு வழக்கு ஒன்று இருந்தது. இரு பகுதியும் சமாதானமாகி அவர் விடுதலையும் ஆகியிருந்தார். முதல் படிவத்தில் அதை எழுதவில்லை என்று வேலையை மறுத்தார்கள். 2011இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர் மார்க்கண்டேய கட்ஜு எழுதிய தீர்ப்பு அவருடைய பக்கம் நின்றது. இளவயதில் செய்யும் பிழைகளைப் பல வேளைகளில் பொறுத்துக்கொள்ளலாம், வாழ்நாள் முழுக்கக் குற்றவாளி என்று முத்திரை குத்துவதை விடத் திருந்த இடம் கொடுப்பதே ஏற்றது என்பது அதன் சாரம். பிறகு 2013இல் அதே நீதிமன்றம் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது: சமாதானத்தில் விடுதலையானவன் பொலிஸ் வேலையை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. 2016இல் மூன்று நீதியரசர்கள் ஆயமாக இருந்து, அற்பமான வழக்குகளையும் பாரதூரமான வழக்குகளையும் பிரித்து, உண்மையைச் சொன்னவனையும் மறைத்தவனையும் பிரித்து, நியமிக்கும் அதிகாரி எதை எதைப் பார்க்க வேண்டும் என்று வழிமுறை வகுத்துக் கொடுத்தது. அவர்களுக்கு நீதிமன்றம் வரை போய்த்தான் அது கிடைத்தது. உங்களுக்கோ விதி வகுக்கும் அதிகாரம் கையிலேயே இருக்கிறது.

யாரை எடுக்கக்கூடாது என்பதிலும் எனக்குத் தயக்கம் இல்லை. வாள்வெட்டுக் குழுக்களில் திரிந்தவர்களுக்குச் சீருடை கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இரவில் வீட்டுக் கதவை வாளால் கொத்தினவர்களின் வழக்குகளில், கொத்து வாங்கிய குடும்பத்தின் பக்கம் நான் நின்றிருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே நடுங்குவார்கள். கஞ்சாக் கடத்தல், பெண்கள் மீதும் சிறுவர் மீதும் வன்முறை, களவு, இலஞ்சம், ஆளைத் தடுத்து வைத்து அடித்தது: இவற்றுக்கு எத்தனை வருடம் போனாலும் பொலிஸில் இடமில்லை என்று வர்த்தமானியில் கொட்டை எழுத்தில் போடுங்கள், முதலில் வரவேற்பவன் நானாக இருப்பேன். ஒரு முறைப்பாட்டோடு நிலையத்துக்குப் போகும் பெண், மேசைக்குப் பின்னால் தன்னைத் துன்புறுத்திய வகை ஆளையே காணக்கூடாது. ஆனால் அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதை நேர்முகத்தில் இருக்கும் மூன்று பேரின் அன்றைய மனநிலைக்கு விடாதீர்கள்.

எங்கள் மக்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை வாசிக்கப் போகிறவர்களில் கூடுதலானவர்கள் அவர்கள். தமிழ்ப் பிள்ளை ஏன் பொலிஸுக்குப் போக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இராணுவம் என்றால் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக வரும். அதன் பின்னால் உள்ள காயத்தை நான் மதிக்கிறேன். 2016 ஒக்டோபரில் குளப்பிட்டியில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததை இந்த ஊர் மறக்காது. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டையில் கைதான இளைஞன் உயிரை இழந்ததையும் மறக்காது. ஆனால் பொலிஸ் நிலையம் எங்கள் சந்தியில்தான் இருக்கிறது. நாங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் விபத்துக்கும் களவுக்கும் காணாமல்போன பிள்ளைக்கும் அங்கேதான் போகிறோம். அந்த மேசைக்குப் பின்னால் எங்கள் மொழி விளங்குகிற, எங்கள் வேலிச் சண்டையும் திருவிழாச் சண்டையும் என்னவென்று தெரிந்த ஒருவன் இருந்தால், வாக்குமூலம் தமிழில் பதியப்படும். விலக்குப் பிடித்தவன் எதிரியாக மாட்டான்.

இது புதுமையும் இல்லை. சுதந்திர இலங்கையின் இராணுவத்துக்குத் தளபதியான முதல் இலங்கையர், 1955இல், அன்ரன் முத்துக்குமாரு. 1982 முதல் 1985 வரை பொலிஸ் மா அதிபராக இருந்தவர் ருத்ரா இராஜசிங்கம். இருவரும் தமிழர். அந்தத் தொடர்ச்சி எப்படி அறுந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. திருப்பிக் கட்ட வேண்டுமானால் வாருங்கள் வாருங்கள் என்று மேடையில் அழைப்பது காணாது. தெற்கில் இருந்து வரும் ஒவ்வொரு அரசும் தமிழ் இளைஞர்கள் பொலிஸில் சேர வேண்டும் என்று அழைக்கிறது. வருகிறவனை வாசலில் நிறுத்துவது எது என்று யாரும் பார்ப்பதில்லை.

வாசலில் நிறுத்தப்பட்டவன் எங்கே போகிறான் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அரச வேலைக்கு நற்சான்று வேண்டும். முறைப்படி வெளிநாடு போகவும் பொலிஸ் ரிப்போர்ட் கேட்கிறார்கள். எதுவும் கேட்காமல் கூட்டிப்போகிறவன் முகவர் மட்டும்தான். பிரான்ஸுக்கு அனுப்புகிறோம் என்று நம்பவைத்துக் கூட்டிப்போகப்பட்ட யாழ்ப்பாணப் பெடியள் சிலர் ரஷ்யப் படையில் அகப்பட்டுக்கொண்ட செய்தியைப் பெற்றோர் வாயிலாகவே இந்த ஊர் கேட்டது. ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேர், அவர்களில் 59 பேர் இறந்துவிட்டார்கள் என்று 2025 பெப்ரவரியில் வெளிவிவகார அமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார். அந்தப் போரில் ரஷ்யா தன் சிறைகளைத் திறந்து கைதிகளையே முன்னரங்குக்கு அனுப்பியது. பதிவு உள்ளவனை அப்படி எரிப்பதற்கு எடுக்கும் படைகள் உலகத்தில் உண்டு. நான் கேட்பது அதற்கு நேரெதிர்: தன் ஊரில், தன் மக்களுக்கு, சட்டத்துக்கு உட்பட்டு வேலை செய்ய ஒரு இடம்.

ஆகவே, அடுத்த ஆட்சேர்ப்பு அறிவித்தல் வரும்போது, நிரந்தரத் தடைக்கான குற்றங்கள் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கட்டும். தண்டப்பணத்தோடு முடிந்த சின்ன வழக்குகளுக்கு ஒரு கால எல்லை இருக்கட்டும். ஐந்து வருடம் என்றால்கூட ஏற்றுக்கொள்வேன், முடிவே இல்லாத தடைக்கு அது எவ்வளவோ மேல். விண்ணப்பதாரி இருபத்தொரு வயதுக்கு முன் செய்ததைத் தனியாகப் பாருங்கள். விடுதலையும் 306இன் கீழான விடுவிப்பும் குற்றத்தீர்ப்பு ஆகாது என்று படிவத்திலேயே தமிழிலும் சிங்களத்திலும் விளக்குங்கள். நிராகரித்தால் காரணம் எழுதுங்கள், மேன்முறையீடு செய்ய ஒரு மாதமாவது கொடுங்கள். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், உங்கள் விதிமுறையில் ஒரு பக்கம் போதும். பாதுகாப்பு அமைச்சும் முப்படைகளின் ஆட்சேர்ப்புக்கு இதையே பின்பற்றலாம். அவர்களுக்கும் இந்த மடலின் பிரதி போகிறது.

நீதிமன்றப் பக்கத்தில் செய்ய வேண்டியது எங்களுடையது. குற்றத்தை ஏற்கும் முன், இது எதிர்கால வேலையைப் பாதிக்கும் குற்றத்தீர்ப்பு என்று எதிரிக்கு அவருடைய மொழியில் சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவரும்படி என் சக சட்டத்தரணிகளிடமும் கேட்டிருக்கிறேன். சட்டத்தரணி இல்லாமல் வரும் இளைஞர்களுக்கு அதைச் சொல்ல, காலையில் நடைகூடத்தில் முறைபோட்டு ஒருவர் நிற்கலாம்.

மேலே சொன்ன பெடியனின் விண்ணப்ப இலக்கத்தையும் வழக்கேட்டின் பிரதியையும், அவனுடைய சம்மதத்தோடு, தனியாகப் பதிவுத் தபாலில் உங்கள் செயலாளருக்கு அனுப்பியிருக்கிறேன். அவனை ஏன் எடுக்கவில்லை என்று எழுத்தில், தமிழில், அவனுடைய வீட்டு விலாசத்துக்கே அனுப்புங்கள். வழக்குத்தான் காரணம் என்றால் அதையே எழுதுங்கள். அடுத்த முறை விண்ணப்பிக்க அவனுக்கு இன்னும் வயது இருக்கிறது.

இப்படிக்கு,
சட்டத்தரணி ஒருவர்,
யாழ்ப்பாணம்.